ஐ.நா.வில் கை தூக்காத இந்தியா

கேள்வி: உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்ததை உலகமே கண்டித்தபோது, இந்தியா மட்டும் நழுவியது ஏன்? (ஒரு வாசகர், கண்டாச்சிபுரம்)

பதில்: உலகமே அல்ல. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் கண்டனத் தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, இந்தியா உட்பட 35 நாடுகள் நடுநிலை வகித்தன. காரணத்தை ஆவடியிலேயே பார்க்கலாம்: அங்கே தயாராகும் டி-90 டாங்கி ரஷ்ய வடிவமைப்பு. பற்று வைத்திருக்கும் மளிகைக்கடைக்காரரைத் தெருவில் நின்று திட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

கண்டித்த சூரர்களும் அளந்துதான் பேசினார்கள். நேட்டோ நாடுகள் ஆயுதம் கொடுத்தன. ரஷ்யாவோடு நேரடிப் போர் மூளும் என்று அஞ்சி, உக்ரைன் வானில் விமானத் தடை விதிக்க மட்டும் மறுத்துவிட்டன. இதற்கிடையே, மேற்கு நாடுகளின் பொருளாதாரத் தடைகளால் விலை மலிந்த ரஷ்யக் கச்சா எண்ணெயை இந்தியா வாங்கிக் குவித்தது. எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோலுக்கு 2 ரூபாய் குறைத்ததோ, தேர்தல் நெருங்கிய 2024 மார்ச்சில்தான்.