பேராண்டி கேமரா வாங்கப் போறான்

வாலே பேராண்டி, உக்காரு. உடம்புல கட்டுற கேமரா வாங்கப் போறியாம்ல, ஊரே பேசுது. பனை ஏற ஆள் கிடைக்கலன்னு உடன்குடி வட்டாரமே அழுவுது. நீ என்னடான்னா, பனை ஏறுறதப் படம் புடிக்கக் கேமரா கிடைக்கலன்னு அழுவுத. நல்லது. தொழில் விருத்திதான்.

எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, முதல்லயே சொல்லிருதேன். நான் பாளை சீவுனவன். ஆனா நம்ம சொந்தத்துப் பயலுவ வரிசையா வாங்கிட்டு வந்து, ஒவ்வொருத்தனும் என் திண்ணையில உக்காந்துதான் பெட்டியப் பிரிச்சான். பிரிக்கும்போது சத்தமாப் பேசுனவன், ஒரு மாசம் கழிச்சு அதே திண்ணையில மெதுவாப் பேசுனான். ரெண்டையும் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். கெழவனுக்கு வேற என்ன வேல?

அமெரிக்காவுல நிக் உட்மன்னு ஒருத்தன். 2002ல ஆஸ்திரேலியா, இந்தோனேசியான்னு கடல் அலையில சறுக்கி வெளையாடப் போனான். தான் சறுக்குறதத் தானே எடுக்கணும்னு அவனுக்கு ஆசை. கையில கேமராவக் கட்டிக்கிட ஒரு வார் செஞ்சு பாத்தான். கம்பெனிக்கு முதல் வேணும்ல, அதுக்குப் பாசியும் சிப்பியும் கோத்த பெல்ட்ட வேன்ல வச்சு வித்திருக்கான். 2004ல கோப்ரோன்னு முதல் கேமரா வெளிய வந்துது. அதுல வீடியோவே கெடையாது, பிலிம் ரோல் போட்டு போட்டோதான் எடுக்கணும். இதுல நீ பாக்க வேண்டியது, அவனுக்கு முதல்ல தோணுனது கேமரா இல்ல, அதக் கட்டுற வார். நீ பெட்டி மேல போட்டுருக்க நம்பரத்தான் பாக்க. எங்கன கட்டப் போறன்னு கேட்டா முழிக்க.

நெஞ்சுல கட்டப் போறேன்னு உங்கம்மைகிட்டச் சொன்னியாம். சைக்கிள் ஓட்டுறவனும் வரப்புல நடக்கிறவனும் நெஞ்சுல கட்டலாம், நல்லாத்தான் வரும். பனையேறி மரத்தக் கட்டிப் புடிச்சுல்லா ஏறுதான்? நாங்க நெஞ்சுல தோல் கட்டிக்கிட்டு ஏறுனது அழகுக்கா? மரம் தேய்க்கிற தேய்ப்புல தோலே வழுவழுன்னு ஆயிரும். அந்த எடத்துல கேமராவ வச்சேன்னா, ஏறி எறங்குறதுக்குள்ள கண்ணாடி போயிரும். படத்துலயும் பனையோட செதில்தான் தெரியும், அதுவும் இருட்டா. கையில குச்சி வச்சு எடுக்கேன்னு மட்டும் சொல்லிராத. மரத்துல இருக்கும்போது ரெண்டு கையும் மரத்துக்குச் சொந்தம்.

தலையிலதான் கட்டணும். வார இறுக்கிக் கட்டு, கேமராவச் சித்த கீழ பாக்கச் சாச்சு வையி. இல்லன்னா படம் பூரா வானமும் ஓலையுமா இருக்கும், பாளைய மட்டும் காணாது. கருக்குமட்டை பக்கத்துல தலையத் திருப்பும்போது பாத்துத் திருப்பு. அந்தப் பல்லு தோலையே கிழிக்கும், லென்ஸ விட்டுவைக்குமா? லென்ஸ் மேல போடுற கண்ணாடி கழட்டி மாத்துற மாதிரி இருக்கான்னு வாங்கும்போதே கேளு. பதனி தெறிச்சு, சுண்ணாம்பு தெறிச்சு, அத நீ வேட்டி நுனியால தொடைக்கத்தான் போற, எனக்குத் தெரியாதா?

இன்னொண்ணு, கேமராவுல ஒரு கயித்தக் கட்டி இடுப்போட சேத்து முடிஞ்சுக்கோ. கோப்ரோ ஹீரோ 12 தண்ணிக்குள்ள 33 அடி தாங்கும்னு போட்டுருக்கான். அறுவது அடி மரத்துல இருந்து விழுந்தாத் தாங்கும்னு எங்கயாவது போட்டுருக்கானா? அதுவும் நேரா கீழ நிக்கிற உங்க மாமன் மண்டையில விழுந்துதுன்னா, கேமராவா மண்டையான்னு பஞ்சாயத்து வைக்கணும். உங்க மாமன் மண்டையப் பத்தி எனக்குத் தெரியும், கேமராதான் ஒடையும்.

சரி, நம்பருக்கு வருவோம். ஐயாயிரம் ரூவாய்க்குள்ள 4கே கேமரான்னு போன்ல காட்டுனியே. 4கேன்னா குறுக்க 3840 புள்ளி, நெடுக்க 2160 புள்ளி. பெருக்கிப் பாரு, 82 லட்சம் சொச்சம் வரும். அத்தனை புள்ளியையும் உள்ள இருக்க சென்சார் நெசமாவே பாக்கணும். மலிவுச் சாமான்ல பாதி, 1080ல எடுத்துக்கிட்டு, அதாவது 20 லட்சம் சொச்சம் புள்ளிய மட்டும் பாத்துக்கிட்டு, மிச்சத்த உள்ளயே ஊதிப் பெருசாக்கி 4கேன்னு எழுதித் தள்ளிரும். பதனியில தண்ணி ஊத்துனா அளவு கூடும், கருப்பட்டி கூடுமால? விவரப் பட்டியல்ல கடைசி வரியில, பொடி எழுத்துல, இன்டர்போலேட்டட்னு போட்டிருப்பான். அந்தச் சொல்லக் கண்டா அடுத்த சாமானப் பாரு. அந்த வரியே இல்லாத சாமானும் இருக்கு. அங்க சென்சார் பேரக் கேளு. பேரச் சொல்லாம "சூப்பர் குவாலிட்டி சார்"னு சொன்னான்னா, காபி குடிச்சிட்டு வந்துரு.

உண்மைய ஒத்துக்க மனசிருந்தா, உனக்கு 4கே வேணுமான்னே தெரியல. நீ எடுக்கதப் பூராம் ஒங்க ஆச்சி போன்லதான் பாக்கப் போறா, அதுவும் கண்ணாடியக் காணாம. நல்ல 1080 ஒண்ணு, பொய்யான 4கே பத்துக்குச் சமானம்.

காசு போட வேண்டிய எடம் வேற. ஆட்டம். பனை ஏறும்போது தலை எப்பிடி ஆடும்னு உனக்குத் தெரியும். அந்த ஆட்டம் படத்துல அப்பிடியே வந்துதுன்னா பாக்கிறவன் வாந்தி எடுத்துருவான். கேமராவுக்குள்ள ஜைரோன்னு ஒண்ணு இருக்கு, எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புதுன்னு அது கணக்கு வச்சுக்கிடும். அந்தக் கணக்க வச்சுப் படத்தோட ஓரத்த வெட்டி, வெட்டுன எடத்துக்குள்ள படத்த நகத்தி நேராக்கும். கோப்ரோக்காரன் 2018ல ஹீரோ 7 பிளாக்ல ஹைப்பர்ஸ்மூத்துன்னு விட்ட வேல இதுதான். ஓரத்த வெட்டுறதால படம் கொஞ்சம் குறுகும், அது பரவால்ல. மலிவுச் சாமான்லயும் இந்த வேலைக்கு இஐஎஸ்னு எழுதியிருப்பான். ஆனா பாதிக்கு 4கே போட்டா அது வேல செய்யாது. ரெண்டும் ஒண்ணா ஓடுமான்னு கேளு. வாய்ச்சொல்ல நம்பாத, அதே கேமராவுல எவனாவது ஓடிக்கிட்டே எடுத்த படம் இருந்தாப் பாரு. விக்கிறவன் போடுற படத்தப் பாக்காத, அது ட்ரைப்பாட்ல வச்சு எடுத்தது.

அப்புறம் வெளிச்சம். விடியக்காலம் இருட்டோட மரம் ஏறுவோமே, அத எடுக்கணும்னு ஆசப்படுவ. இந்தக் கேமராவுக்குக் கண்ணு சின்னது. இருட்டுல படம் புழுபுழுன்னு வரும், ஆட்டம் நேராக்குற வேலையும் இருட்டுல இழுவிரும். 2023ல வந்த டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன் 4க்கு சென்சார் சித்த பெருசு, 1/1.3 இன்ச்னு சொல்லுவான், அது இருட்டுல தேவல. இல்லன்னா வெயில் ஏறுனபொறவு ஏறுற மரத்த எடு. எந்த மரத்துலயும் பாளை பாளைதான்.

வெயில்னதும் ஞாபகம் வருது. விடிலிக்குள்ள அடுப்புப் பக்கத்துல கேமராவ வச்சுட்டுப் பதனி கொதிக்கிறத ஒரு மணி நேரம் எடுக்கலாம்னு பாப்ப. அது சூடாகி தானா அணைஞ்சுரும். காத்தே இல்லாத எடத்துல 4கே ஓட்டுனா எந்தக் கேமராவும் சூடாகும். ரெண்டு நிமிசம் எடு, நிறுத்து, வெளிய கொண்டாந்து ஆத்து. கருப்பட்டிய அச்சுல ஊத்துறத மட்டும் நல்லா எடு. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்திருக்காங்க, அத நாலு பேரு பாக்கட்டும்.

பேட்டரியக் கேக்க மறந்துராத. ஹீரோ 12ல 1720 எம்ஏஎச், ஓஸ்மோ 4ல 1770. ரெண்டையும் கழட்டி மாத்தலாம். 2024ல கோப்ரோ வெறும் ஹீரோன்னு சின்னதா ஒண்ணு விட்டான். 86 கிராம்தான், தலையில இருக்கதே தெரியாது, வந்தப்ப அமெரிக்காவுல 199 டாலர். ஆசையாத்தான் இருக்கும். ஆனா அதுல பேட்டரியக் கழட்ட முடியாது, தண்ணிக்குள்ளயும் 16 அடிதான். நாலு மரம் ஏறுறதுக்குள்ள தீந்துதுன்னா, மரத்து உச்சியில எந்தப் பிளக்குல சொருகுவ?

கார்டு வாங்கும்போது வி30ன்னு எழுத்து இருக்கணும். நொடிக்கு 60 மெகாபிட்டுல எழுதுற கேமரா ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிபி தின்னும். சந்தையில 512 ஜிபி கார்டு கால் விலைக்குன்னு ஒருத்தன் கூவுவான். அதுல 512ங்கிறது வெறும் அச்சு. எல்லா மரத்தையும் எடுத்துத் தொலைக்காத. ஒரு மரம் ஏறுறதப் பாத்தவன், அடுத்த மரமும் அதே மாதிரிதான்னு விளங்கிக்கிடுவான்.

நம்ம தேரி மண்ணு இருக்கே, செவசெவன்னு மாவாட்டம், அது எங்கயும் நுழைஞ்சுரும். பேட்டரிக் கதவுல ரப்பர் ஒண்ணு ஓடும். அதுல நாலு மணல் ஒட்டுனாக்கூடப் போதும், தண்ணி உள்ள போயிரும். பேட்டரி மாத்துறத வீட்டுக்குள்ள வச்சு மாத்து, ரப்பர ஒவ்வொரு தடவையும் தொடச்சிரு. மணப்பாட்டுக் கடல்ல நனைச்சுட்டு வந்தா நல்ல தண்ணியில கழுவு. மலிவுச் சாமான்ல பெரும்பாலும் கேமராவே தண்ணி தாங்காது, பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள போட்டாத்தான் தாங்கும். பெட்டிக்குள்ள போட்டா சத்தம் கேக்காது. ஒம் பொஞ்சாதி பேசுறத எடுக்கதா இருந்தா அதுவே தேவலன்னு நெனைப்ப. நெனைச்சுக்கோ, வெளிய சொல்லாத.

பிள்ளைகள எடுக்கணும்னும் சொன்ன. அதுல ஒரு வில்லங்கம் இருக்கு. இந்தக் கேமரா அகலமாப் பாக்கும், 150, 170 டிகிரின்னு சொல்லுவான். கிட்டப் போய் எடுத்தா மூக்கு மட்டும் முன்னால வரும். ஒம் மாமியாள அப்பிடி ஒருதரம் எடுத்துப் பாரு, அப்புறம் பொங்கலுக்குச் சீர் வருதான்னு பாப்போம். தள்ளி நின்னு எடுத்தாலோ ஆளே தெரியாது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுல ஒம் மவ மேடையில ஆடுறத கடைசி வரிசையில இருந்து எடுத்தேன்னா, மேடை, பந்தல், ட்யூப்லைட்டு, ஹெட்மாஸ்டர் வழுக்கை எல்லாம் தெரியும். புள்ள மட்டும் நகத்தளவு நிப்பா. லென்ஸ் நகராது, ஜூம்னு பேருக்கு ஒண்ணு இருக்கும், படத்த ஊதிப் பெருசாக்கும், அவ்வளவுதான். அதுக்கு ஒம் போனே போதும். புள்ள கடல்ல கால் நனைக்கதையும், நொங்கு வண்டி உருட்டிக்கிட்டு ஓடுறதையும் எடுக்க இந்தக் கேமராவ அடிச்சுக்க ஆளில்ல. கூடவே ஓடு, புள்ள உயரத்துக்குக் குனிஞ்சு புடி. குனிய முடியுமா ஒனக்கு? வயிறு வேற வந்துட்டு.

அகலமாப் பாக்கும்னு சொன்னேன்ல. மரத்து உச்சியில இருந்து பாத்தா எத்தன வீட்டுக் கொல்லை தெரியும்னு நீயே அறிவ. நாங்க ஏறுன காலத்துல கண்ணப் பாளையில வச்சோம், வேற எங்கயும் வைக்கல. ஒன் தலையில இருக்கதுக்கு இமை கெடையாது. படத்த ஊருக்குக் காட்டுறதுக்கு முந்தி ஓரத்த ஒரு தடவை பாரு. கலயத்துல சுண்ணாம்பு தெரியிற மாதிரியும் எடு. 1987ல இருந்தே தமிழ்நாட்டுல கள்ளு கூடாது. சுண்ணாம்பு தடவாத கள்ளுக் கலயம் எவன் மரத்துலயாவது தொங்கி, அது ஒன் படத்துல விழுந்துதுன்னா, மொத ஆளா ரசிச்சுப் பாக்கிறது போலீசாத்தான் இருக்கும். தேதியோட, நேரத்தோட சாட்சி. நான் யாரையும் சொல்லல. உங்க மாமன் இங்க இல்லைல்லா?

என்ன வாங்கணும்னு கடைசியில கேட்டேன்னா, இந்த வருசத்துப் புதுசு வேண்டாம். பேர் போன கம்பெனியோட முந்தின வருசத்து மாடல், இல்லன்னா அதுக்கும் முந்தினது. புதுசு வந்ததும் பழசு விலை எறங்கும், அப்பத் தூக்கு. ஐம்பது சாமான் சேத்து ஒரே பையில தாரேன்னு ஒரு கிட்டு விப்பான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒனக்கு வேண்டியது தலையில கட்டுற வார், கூட ஒரு பேட்டரி, ஒழுங்கான கார்டு ஒண்ணு. மிச்சக் காசுக்குத் தளைநாரப் புதுசா மாத்து, ஒன் நார் இத்துப் போயிருக்கு, ஏறும்போது பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கைமாத்துச் சாமான்னா கதவ, ரப்பர, லென்ஸப் பாரு, பேட்டரி உப்பியிருக்கான்னு பாரு, அங்கனயே அரைமணி நேரம் ஓடவிட்டு அணையுதான்னு பாரு. இறக்குமதிச் சாமான்னா இந்தியாவுல வாரண்டி உண்டான்னு கேளு. எதுவா இருந்தாலும் பில்ல வாங்கி உங்கம்மை பெட்டியில வையி, ஒன் சட்டைப் பையில வச்சா அது அடுத்த வெளுப்போட போயிரும்.