ரிடயர்டு பாய்லர் பிளாண்ட்

திருவெறும்பூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர், வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஒருவரைப் பார்த்தாக வேண்டும். மலைக்கோவில் ஸ்டாப்பிங்கில் இறங்கி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அவர் இருப்பார். வயது அறுபத்தைந்துக்கு மேல். கீழ்வீட்டில் அவர், மாடியில் டு-லெட் போர்டு. பெல் (BHEL) பாய்லர் பிளாண்டில் வேலை பார்த்து ரிடயர் ஆனவர் என்பதை அவர் சொல்ல வேண்டாம், வாசல் கேட்டே சொல்லிவிடும். பாய்லர் வெல்டிங் செய்து பழகிய கைக்கு லேசான கேட் செய்ய வராது. திறக்க இரண்டு ஆள் வேண்டும்.

1964-ல் பக்கத்துத் துவாக்குடியில் ஆர்.இ.சி. என்ற பொறியியல் கல்லூரி வந்தது, இன்றைய என்.ஐ.டி. மறு வருஷம் பாய்லர் பிளாண்ட் உற்பத்தியைத் தொடங்கியது. 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை. நெல் விளைந்த பூமியில் பாட்னாக்காரரும் கட்டாக்காரரும் கோட்டயத்துக்காரரும் வந்து இறங்கினார்கள். குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள் கைலாசபுரத்து மரநிழலில் செட்டிலானார்கள். கிடைக்காதவர்களுக்கு நம்மவர் மாடி.

நம்மூர்த் தரகர் டீக்கடையோடு நின்றுவிடுவார். "ஓனர் தங்கமானவர் சார், நீங்களே பேசிக்குங்க." கமிஷனை மட்டும் முன்னாலேயே பேசியிருப்பார்.

பாய்லரை வேலைக்கு விடுமுன், அது தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தம் கொடுத்துக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஹைட்ரோ டெஸ்ட் என்று பெயர். குடிவர நினைப்பவருக்கும் இங்கே அதே டெஸ்ட்தான்.

"சொந்த ஊரு?"

"லால்குடி சார்."

"லால்குடில எங்க?"

"ஊருக்குள்ளயேதான்."

"எந்தத் தெரு? குலதெய்வம் எது?"

அதற்குள் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். சாதி என்ற சொல் மட்டும் வாயில் வராது. "நமக்கு அதெல்லாம் கிடையாது தம்பி, சும்மா கேட்டேன்." காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் சில வீடுகளில், 'சைவம் மட்டும்' என்று போர்டிலேயே எழுதியிருக்கும். ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அந்த நேர்மையை ஒருவிதத்தில் மெச்சலாம்.

வடக்கத்தி ஆள் வந்தால் நம்மவருக்குத் திண்டாட்டம். குலதெய்வம் கேட்டுப் பயனில்லை. ஆகவே நேரே அடுப்பங்கரைக்குப் போவார். என்.ஐ.டி.யில் புதிதாகச் சேர்ந்த வங்காளி வாத்தியார், பவ்யமாக, "பிராமின் சார். ஃபிஷ் மட்டும் சாப்பிடுவோம்" என்கிறார். நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

"மச்லி நஹி. ஸ்மெல் ஆத்தா ஹை."

இந்தி, பெல் வேலையாக வடக்கே சிங்ரௌலி சைட்டில் இருந்தபோது கற்றது. சொல்லும்போதே உள்ளே விரால் குழம்பு கொதிக்கிற வாசனை திண்ணை வரைக்கும் வருகிறது. வாத்தியார் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, "அது நம்ம வீட்டுக் குழம்பு, அது வேற" என்கிறார்.

சிங்ரௌலி என்றதும் அவருக்குப் பழைய கோபம் வந்துவிடும். "மதராஸிக்கு வீடு கிடையாதுன்னுட்டான் சார். சாம்பார் நாத்தமாம். மனுஷனை மனுஷனாப் பாக்கத் தெரியாத பயலுவ!" கண் கலங்கச் சொல்லி முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அப்ப மச்லி நஹி, சரியா?" என்பார்.

கடைசியில் வீடு வடக்கத்தி ஆளுக்குத்தான் போகும். ஒண்ணாந்தேதி சம்பளம், காலி பண்ணச் சொன்னால் சண்டைக்கு வரமாட்டார், தெருவில் மாமன் மச்சான் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, துருப்பிடித்த இந்தியைப் பேசிப் பார்க்க ஓர் ஆள்.

பணப் பேச்சில் சட்டமெல்லாம் அத்துப்படி. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. "மூணு மாசம்னுதான் சட்டம். நான் ஆறு மாசம்தானே கேக்குறேன்?" ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதற்கு அவரிடம் பதினொரு மாத பாண்டு பேப்பர் இருக்கிறது. கரண்டுக்கு மாடிக்கென்று ஒரு சப்-மீட்டர். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறதே, அந்த இலவசம் கீழ்வீட்டோடு நின்றுவிடும். மாடிக்கு முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்.

இந்த ஊர்த் தலபுராணப்படி, தேவர்களே எறும்பு உருவெடுத்துத்தான் மலைக்குன்றில் சிவனை வந்தடைந்தார்கள். அவர்கள் ஏறுவதற்கு வசதியாக எறும்பீசர் சற்றே சாய்ந்து கொடுத்தாராம். நம்மவர் சாயமாட்டார். எறும்பு வந்தாலும் ஆறு மாத அட்வான்ஸ்தான்.

ஆனாலும் குழந்தைக்கு ராத்திரி ஜுரம் என்றால் பழைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முதலில் ஓடுவதும் இவர்தான். ஆகவே பயப்படாமல் குடி வாருங்கள். சாவி வாங்குகிற அன்றைக்கே சப்-மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.