பன்னிரண்டாவது ஆட்டக்காரர்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஜெயிக்க வைப்பது ஆவேசமா, நிதானக் கணக்கா?

பதில்: ஓரிகன் பயிற்சியாளர் டான் லானிங்கின் இரண்டு அக்டோபர்களைப் பாருங்கள்.

2023-ல் வாஷிங்டனுடன் மோதியபோது, நான்காவது முயற்சியில் (தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும்) அவர் எடுத்த மூன்று துணிச்சல்கள் மண்ணைக் கவ்வின. கடைசித் துணிச்சலின்போது ஓரிகன் 33-29 என முன்னிலை. மிச்சம் இரண்டு நிமிடச் சொச்சம். தேவை மூன்றே கஜம். பந்தை உதைத்துத் தொலைவுக்குத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. பந்தைக் கைப்பற்றிய வாஷிங்டன் மளமளவென முன்னேறி 36-33 என வென்றது.

லானிங்கை முரடர் என்றார்கள். அது நியாயமில்லை. எதிரணியின் தாக்குதலை நடத்திய குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் எவ்வளவு தூரத்திலிருந்தும் அடிக்கக்கூடியவர். பந்தை உதைத்து அவரிடம் கொடுப்பதும் ஆபத்தே.

அடுத்த ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் வந்தது. ஓரிகன் 32-31 முன்னிலை, மிச்சம் 10 விநாடி. களத்தில் 11 பேர் நிற்க வேண்டிய ஓரிகன் அணியில் 12 பேர்! தண்டனை வெறும் ஐந்து கஜம். ஆனால் அந்த முயற்சியில் கரைந்த 4 விநாடி கரைந்ததுதான். கூடுதல் தடுப்பாளர் ஒருவர், குறைந்த நேரம், சொற்ப அபராதம்: விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவரின் வேலை இது. ஒஹாயோ குவாட்டர்பேக் அடுத்து ஓடிச் சறுக்குவதற்குள் நேரம் முடிந்தது.

ஆவேசக்காரர் என்று பெயரெடுத்தவரே அந்தக் கணக்கையும் போட்டார். சில நாட்களிலேயே விதி மாறியது: கடைசி நிமிடங்களில் இப்படி நடந்தால், கடிகாரத்தைப் பழைய விநாடிக்கே திருப்பச் சொல்லும் உரிமை இப்போது எதிரணிக்கு உண்டு.