கெட்டிலுக்குள் சுண்ணாம்பு

கேள்வி: எங்கள் வீட்டு மின்சாரக் கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது. இதைச் சுத்தம் செய்யும் பாக்கெட்டின் விலையைக் கேட்டால், புதுக் கெட்டிலே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் தூள் கேளுங்கள். வீட்டில் ஸ்குவாஷ் போடுகிறவர்கள் வாங்குவதுதான். உங்கள் கெட்டிலில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். போர் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் பைகார்பனேட், சூடு ஏறியதும் பிரிந்து இப்படிப் படிகிறது. இதைக் கரைக்க எவ்வளவு தூள் வேண்டும்? கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் வீட்டில் 300 என்று வைத்துக்கொள்வோம். தினம் 2 லிட்டர் கொதிக்கவைத்து, அதிலுள்ள அத்தனையும் கெட்டிலிலேயே தங்கினாலும் மாதத்துக்கு 18 கிராம்தான் சேரும். அதைக் கரைக்க 23 கிராம் சிட்ரிக் ஆசிட் போதும். இரண்டு மேசைக்கரண்டித் தூளை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். கொதிக்க மட்டும் விடாதீர்கள். கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு வெள்ளைப் படிவு வந்து உட்கார்ந்துகொள்ளும். நுரை நின்ற பிறகும் வெள்ளை மிச்சமிருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கடைசியில் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசினால் காபிக்குப் புளிப்பு ஏறாது.

கேள்வி: வினிகர், எலுமிச்சை, ஆப்ப சோடா எல்லாம் வீட்டிலேயே இருக்கும்போது தூளுக்கு ஏன் காசு?

பதில்: காசை மிச்சப்படுத்தத்தான். வினிகரில் நூற்றுக்கு நான்கு பங்குதான் அமிலம். மேலே சொன்ன 18 கிராமைக் கரைக்க அரை லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும். எலுமிச்சை என்றால் ஒரு டஜன் பழத்தின் சாறாவது வேண்டும், பிழிந்து போட்ட தோல் போதாது. மூன்றையும் சேர்த்துக் கலக்குவது இன்னும் வீண். ஆப்ப சோடாவும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. பொங்குவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைக்கிறோம், சுண்ணாம்பைக் கரைக்க வேண்டிய அமிலம் சோடாவோடு போய்விடுகிறது.

கேள்வி: பாத்ரூம் ஆசிட் ஒரு மூடி ஊற்றினால் நொடியில் போய்விடுமே?

பதில்: போகும். கெட்டிலும் பின்னாலேயே போகும். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் எவர்சில்வரில் பொடிப்பொடியாகக் குழி விழவைக்கும். எந்த அமிலமானாலும், சிட்ரிக் உட்பட, பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சடைக்கும்.

கேள்வி: உப்புப் படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்று சொல்லி, வாஷிங் மெஷினுக்கும் மாதாமாதம் பவுடர் போடச் சொல்கிறார்களே?

பதில்: பில்லைக் காட்டிப் பயமுறுத்துவது சரியில்லை. அடுப்பிலோ கேஸ் பாய்லரிலோ படிவு சூட்டைத் தடுத்தால், அந்தச் சூடு புகையோடு வெளியே போய்விடும். அங்கே நஷ்டம் உண்மை. தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மின்சாரக் காயிலின் சூட்டுக்கு வேறு போக்கிடம் இல்லை. தாமதமானாலும் தண்ணீருக்குத்தான் வந்து சேரும். பில்லில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் சூட்டை வெளியே விட முடியாமல் காயில் தன்னையே எரித்துக்கொள்கிறது, உங்கள் செலவு அங்கேதான். ஆகவே சூடு எங்கே உண்டோ அங்கே மட்டும் காசைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைக்கும், ஹீட்டர் இல்லாத மெஷினில் இந்தப் படிவு குறைவு. மாதாமாதம் பவுடர் தேவையில்லை. வெந்நீரில் துவைக்கும் மெஷின் என்றால், அதன் கையேடு தடுக்காத பட்சத்தில், சில மாதங்களுக்கு ஒரு முறை 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் காலி டிரம்மில் போட்டு ஓட்டுங்கள். கீசரை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. சர்வீஸுக்கு வருகிறவரிடம், காயிலை ஸ்க்ரூடிரைவரால் சுரண்ட வேண்டாம், கழற்றி சிட்ரிக் கரைசலில் ஊறவையுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.