மெஷின் எழுத, மெஷின் திருத்த

புதுச்சேரியில் பாகூர் பக்கத்து ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைக்கு ‘எங்கள் ஊர் நீர்நிலை’ என்று புராஜெக்ட் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். பத்துப் பக்கம், இங்கிலீஷில், திங்கட்கிழமைக்குள். பிள்ளை நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போகும். கடை அண்ணன் சாட்ஜிபிடியில் ஒரு வரி தட்டுவார். கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங், மேலே பிளாஸ்டிக் அட்டை. உள்ளே பாகூர் ஏரியில் அன்னங்கள் நீந்தும். கடைசிப் பக்கத்தின் அடியில் ‘இன்னும் விரிவாக எழுதித் தரட்டுமா?’ என்று மெஷின் கேட்டதும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். அதற்கும் ஒரு சிவப்பு டிக். முழு மார்க்.

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் அந்த ஏரிக்கு வரும் கதையை, அந்தப் பிள்ளையின் தாத்தா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். எந்த மதகை எப்போது திறப்பார்கள் என்பது உட்பட. அவரை யார் கேட்டது? அவருக்குத்தான் இங்கிலீஷ் வராதே!

பிள்ளையைத் திட்டாதீர்கள். 2023-24இல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளை ஒரே போடாக சிபிஎஸ்இக்கு மாற்றினீர்கள். நீச்சல் சொல்லித் தராமல் கிணற்றில் தள்ளிவிட்டு, கைக்கு அகப்பட்ட மட்டையைப் பிடித்தால் ‘காப்பி அடிக்கிறான்’ என்கிறீர்கள். நீங்கள் மட்டும் என்ன, கேள்வித்தாளைச் சொந்த மூளையிலா தயாரிக்கிறீர்கள்? மெஷின் கேட்க, மெஷின் எழுத, மெஷின் திருத்த, நடுவில் பிள்ளை வெறும் கூரியர் பையன்.

சிபிஎஸ்இ 2019லேயே ஒன்பதாம் வகுப்பில் ஏஐயை விருப்பப் பாடமாக்கிவிட்டது. 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே என்று டெல்லியில் அறிவித்தாயிற்று. மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஏஐ, மூணாங்கிளாஸ் டீச்சருக்கு? 2025இல் ஏர்டெல் பெர்ப்ளெக்சிட்டியை, ஜியோ ஜெமினியை, ஓப்பன்ஏஐ தன் சரக்கை என்று போட்டி போட்டு இலவசமாக அள்ளிக் கொடுத்தார்கள். இலவசத்தின் விலை நமக்குத் தெரியாதா?

சரி, வில்லியனூரில் ஒருத்தி பிடிவாதமாக, முக்கி முனகி, சொந்தமாகவே எழுதுகிறாள். காலேஜில் அதை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவியில் போடுகிறார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ‘மெஷின் எழுதியது’ என்றன அவை. எளிய சொல்லில் எழுதியதுதான் குற்றம். அந்த வில்லியனூர்ப் பெண்ணுக்கு அதற்குத் தண்டனை வேறு.

ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் இதே பாகூரின் வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்திருக்கிறார்கள், செப்பேடு சாட்சி. கல்விக்கு ஊரையே எழுதிக் கொடுத்த மண்ணில் இன்று ஒரு பீரியட் கேட்கிறோம், அவ்வளவுதான். தாத்தா சொன்னதைப் பிள்ளை தமிழில் எழுதட்டும். அதன்பிறகு மெஷினிடம், ‘விடை சொல்லாதே, என்னைக் கேள்வி கேள், நான் எங்கே தப்பு செய்தேன், அதை மட்டும் காட்டு’ என்று கேட்கப் பழக்குங்கள். அது சொன்னதை ஏரிக்கரைக்குப் போய்ச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஸ்மார்ட் போர்டு வேண்டாம், துவக்க விழா வேண்டாம்.

நடக்காது. இதில் டெண்டர் விட ஒன்றுமில்லை.