பாய் கடையில் ப்ரோ: விளிச்சொல் ஆய்வு

எலவனாசூர்கோட்டை பஸ் ஸ்டாப்பில் டீ கேட்கும் கல்லூரிப் பையன்கள், நரைத்த தாடிக்காரரான கடைக்காரரை 'ப்ரோ' என்கிறார்கள். "ஊரே பாய்னு கூப்பிடுது, இதுங்களுக்கு ப்ரோவாம்" என்று பெஞ்சில் இருக்கும் பெரியவர்கள் பொருமுகிறார்கள். இவ்வழக்கு செல்லாது என்பதே நம் துணிபு. 'ப்ரோ', ஆங்கிலப் பிரதரின் வால் நறுக்கிய வடிவம். 'பாய்', வடமொழி 'ப்ராதா' இந்தி வழியாகத் தேய்ந்து வந்தது. பிரதரும் ப்ராதாவும் ஒரே மூதாதைச் சொல்லின் வாரிசுகள். ஒருவர் லண்டனுக்கும் ஒருவர் டில்லிக்கும் போய், பல ஆயிரம் ஆண்டுக்குப் பின் சேலம் நெடுஞ்சாலையோரம் சர்க்கரை கம்மியாக ஒரு டீயில் சந்தித்திருக்கிறார்கள். ஆகவே 'பாய் ப்ரோ' என்பவன் மரியாதை குறைக்கவில்லை; கூறியது கூறல் என்னும் குற்றம் மட்டுமே செய்கிறான்.

திருவிழா ப்ளெக்ஸில் வரும் 'பாய்ஸ்' வேறு குலம். 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்கு வேலைக்காரன் என்று பொருள். பூர்வீகம் பற்றிப் புலவர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைகள் பங்களாவில் தலை நரைத்த பட்லரையும் 'பாய்' என்றே கூப்பிட்டார்கள். அதைத்தான் நம் பையன்கள் காசு வசூலித்து ஆளுயரத்தில் அச்சடிக்கிறார்கள்.

'ஹாய் கைஸ்' இன்னும் விபரீதம். 1605 நவம்பர் 5 விடிவதற்குள், லண்டன் நாடாளுமன்றத்தின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு பிடிபட்டவன் கை பாக்ஸ். (பீப்பாயிலும் ஒரு பாய் இருப்பது தற்செயல்.) ஆண்டுதோறும் அவன் உருவத்தைக் கொளுத்தினார்கள். உருவம் 'கை' ஆயிற்று. பிறகு கந்தலுடுத்தியவன் 'கை'. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் எந்த ஆம்பளையும் 'கை'. யூடியூபில் நம் தங்கைகள் சொல்லும் 'ஹாய் கைஸ்' என்பதன் நேரிய தமிழ்: "வணக்கம், கொடும்பாவிகளே!"

'கிட்' என்பது ஆட்டுக்குட்டி. மனிதக் குழந்தைக்கு அது ஆகுமா என்று கொதிப்போர் தொல்காப்பிய மரபியலைப் புரட்டுக. அங்கே மக்களின் இளமைக்குக் குழவி, மகவு இரண்டே உரியவை. பிள்ளை என்பது பறவைக்கும் தவழ்வனவற்றுக்கும் செடிகொடிக்கும். 'உங்க பிள்ளை எந்த காலேஜ்?' என்று நலம் விசாரிப்பவர், இலக்கணப்படி கிளியையோ தென்னையையோ விசாரிக்கிறார். ஆட்டின் இளமைக்கும் அங்கே மறி என்றுதான் பெயர். ஆகவே 'கிட்ஸ்' என்று போர்டு மாட்டிய நர்சரிகள்மேல் மனுப் போடுவோர், முதலில் உளுந்தூர்பேட்டைச் சந்தைக்குப் போய், "அந்தக் கறுப்பு மறி என்ன விலை?" என்று கேட்டுவிட்டு வரட்டும்.