சாயங்காலம் வா தம்பி

எண்பதுகளில் சுருளிப்பட்டிக்காரர்களின் அந்தரங்கமெல்லாம் மருந்துக்கடை அலமாரியில்தான் இருந்தது. அடிக்கடி விற்கிற மருந்தைக் கடைக்காரர் இருப்பில் வைத்திருப்பார். யாரும் கேட்காததைக் கம்பத்திலிருந்து பஸ்ஸில் வரவழைப்பார். இதற்குள் ஒளிந்திருந்த துப்பறியும் கலையைக் கண்டுபிடித்தவர், நாராயணத்தேவன்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு பெரியம்மா. வரும் வழியிலேயே கடையில் நின்று வலிப்பு மாத்திரை கேட்டார். கேட்ட கையோடு கிடைத்தது. பெண் வீட்டில் காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். அந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தவர் இரண்டு தெரு தள்ளியிருந்த திராட்சைத் தோட்டக்காரர் என்பது வெகுநாள் கழித்துத்தான் வெளியே வந்தது.

அதன்பிறகு கடைக்காரர் மாறிப்போனார். சில மருந்துகளைக் கேட்டால், டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், "சாயங்காலம் வா தம்பி, கம்பத்துல இருந்து வரணும்" என்பார். சோம்பேறி என்று ஊரே திட்டியது.

அமெரிக்காவின் பார்க் ஆய்வுக்கூடத்தில் வான் ஜேக்கப்சன் குழுவினர் 2009இல் இணையத்துக்கு ஒரு புது ஏற்பாட்டை முன்வைத்தார்கள். எந்தக் கணினியில் இருக்கிறது என்று தேடிப் போகவேண்டாம், வேண்டியதன் பெயரைச் சொன்னால் போதும். வழியில் எந்த ரவுட்டரிடம் நகல் இருக்கிறதோ அதுவே தந்துவிடும். அமோகமான யோசனை. 2013இல் ஜீன் சூடிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள்: பதில் சட்டென்று வந்தால், அக்கம்பக்கத்தில் யாரோ அதை ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரியம்மாவுக்கு இது மில்லிசெகண்ட் கணக்கில்லாமலே தெரிந்திருந்தது. அவர்கள் சொன்ன பரிகாரங்களில் ஒன்று, அந்தரங்கமான சரக்கு என்றால் நகல் கையில் இருந்தாலும் வேண்டுமென்றே தாமதித்துக் கொடுப்பது. எங்கள் கடைக்காரர் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

சரக்கின் பெயர் வழியிலுள்ள ரவுட்டர்களுக்குத் தெரிந்துவிடும் சிக்கல் இன்னும் மோசம். உள்ளே இருப்பதைப் பூட்டிவிடலாம். பெயரையும் பூட்டினால் எந்த நகலைக் கொடுப்பதென்று ரவுட்டருக்குத் தெரியாது. அந்நாளில் பெண்களுக்கான நாப்கினைத் தினத்தாளில் சுற்றித்தான் தருவார்கள். மருந்துக்கடையில் அப்படிச் சுற்றிய பொட்டலம் அது ஒன்றுதான் என்பதால், உள்ளே என்ன என்று டீக்கடை பெஞ்சுக்கே தெரியும்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் புது ஏற்பாட்டில், கேட்பவரின் முகவரி கோரிக்கையில் இருக்காது. என்ன வேண்டும் என்பது மட்டுமே போகும். இங்கோ, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். போன மாதம் இருமல் மருந்து வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த பையன், மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "போன் நம்பர் சொல்லுங்கண்ணே" என்றான்.